கல்குடா வலயத்துக் கணினி ஆசிரியர்களுக்கு: பிள்ளைகள் கையில் ஒரு கேபிளைக் கொடுங்கள்

அன்புள்ள சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

பாசிக்குடாவில் ஹோட்டல்களுக்கும், வாழைச்சேனையில் கடை கந்தோர்களுக்கும் நெட்வேர்க் கேபிள் இழுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் கணினிக் கூடத்தில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும், பள்ளிக்கூடம் விட்டுப் போகுமுன், ஒரு கேபிளின் இரண்டு முனைக்கும் தன் கையாலேயே கொனெக்டர் போட வேண்டும். அந்தக் கேபிளால் இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒரு படத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ரவுட்டர் கூடாது, சுவிட்ச் கூடாது, வைஃபை கூடாது, இன்டர்நெட்டும் கூடாது.

இதென்ன பெரிய காரியம், உயர்தரப் பாடத்தில் தரவுத் தொடர்பாடலும் கணினி வலையமைப்பும் ஓர் அலகாகவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிள்ளைகள் நிற வரிசையை ஒப்புவிக்கிறார்கள், ஏழு அடுக்கு மாதிரியுருவை மூச்சு விடாமல் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் விடுமுறைக்கு என்னிடம் வேலை பழக வருகிறார்கள். இரண்டு லப்டொப்பை ஒரு கேபிளால் தொடுத்துவிட்டு, "இப்ப இந்தப் பைலை அங்கால அனுப்பு" என்றால், கெட்டிக்காரப் பொடியனே திரும்பி என்னைப் பார்த்துக் கேட்கிறான்: "அண்ணே, நெட் இல்லாம எப்பிடிப் போகும்?"

அவனைக் குறை சொல்ல ஒண்ணா. கையில் போனோடும் காற்றில் வைஃபையோடும் வளர்ந்த பிள்ளை. பக்கத்து மேசைக்கு ஒரு படம் போக வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில்தான் போகும் என்று நினைக்கிறான். அந்தப் படம் எந்த வழியால் போகிறது என்று அவனுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். கல்குடாவில் இருக்கும் கோபுரத்தில் ஏறி, கொழும்புப் பக்கம் போய், கடலுக்கடியில் கிடக்கும் கேபிளில் இறங்கி, வெளிநாட்டில் எங்கோ ஒரு சேர்வரைத் தொட்டு, அதே பாதையில் திரும்பி வந்து அடுத்த மேசையில் விழுகிறது. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 ஆகட்டும், மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 ஆகட்டும், நாட்டை வெளியுலகத்தோடு கட்டும் அந்தக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலும்தான் கரை தொடுகின்றன. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்தபடி இருந்துகொண்டு, ஒரு முழத் தூரத்துக்கு அனுப்ப வேண்டியதை நாடு கடத்தித் திரும்ப அழைக்கிறோம்.

அந்த நீண்ட பாதையில் ஓரிடம் அறுந்தாலும் வேலை நின்றுவிடும். அறுப்பதற்கு இயற்கையும் வேண்டாம். 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் சமூக ஊடகங்களை அரசே முடக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மின்சாரம் போன உடனே ரவுட்டர் செத்துவிடும், லப்டொப்பில் பட்டரி மிச்சம் இருக்கும். பட்டரியில் ஓடும் இரண்டு லப்டொப்பும் ஒரு துண்டுக் கேபிளும் இருந்தால், வேறு யாருடைய தயவும் இல்லாமல் வேலை தொடரும். இதை ஒரு பிள்ளை கண்ணால் கண்டால், நெட்வேர்க் வேறு, இன்டர்நெட் வேறு என்பது அதற்குப் பிறகு அவனுக்கு மறக்காது. உங்கள் கரும்பலகையால் இதைச் செய்ய முடியாது என்று நான் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வேகமும் சும்மா இல்லை. கல்யாண வீட்டு வீடியோ ஒன்று, 50 கிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு ஒரு மெகாபைட் ஏறுகிற இணைப்பில் அதை மேலே ஏற்ற மட்டும் பதினான்கு மணித்தியாலம் போகும். பழைய 100 மெகாபிட் கார்ட் இரண்டுக்கு நடுவே ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடியும். இரண்டு பக்கமும் கிகாபிட் கார்ட் இருந்து, ஹார்ட் டிஸ்கும் ஈடுகொடுத்தால் எட்டு நிமிடம் போதும். கல்வியமைச்சின் ஈ-தக்சலாவப் பாடங்களை ஒரு கணினியில் இறக்கி வைத்திருக்கிறீர்கள், அடுத்த கணினிக்கும் வேண்டும் என்றால், பென் டிரைவில் ஏற்றி இறக்கி இரட்டிப்பு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பென் டிரைவோடு ஊர் சுற்றும் வைரஸ் தொல்லையும் குறையும்.

சரி, கேபிளுக்கு வருவோம். பிள்ளையின் கையில் ஒரு முழத் துண்டைக் கொடுத்து முதலில் உறையை உரிக்கச் சொல்லுங்கள். மூன்று சென்ரிமீற்றர் போதும். பிளேடை அழுத்தக் கூடாது, லேசாக ஒரு சுற்றுக் கீறி, வளைத்தால் உறை தானாகப் பிளக்கும். அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பியின் தோல் கிழியும். அந்தக் கிழிசல் இன்றைக்குத் தெரியாது, ஈரக்காற்று பட்ட பிறகுதான் காட்டும். உறை கழன்றதும் எட்டுக் கம்பிகள், நாலு சோடிகளாக முறுக்கிக்கொண்டு வெளியே வரும். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று நாலு நிறம். ஒவ்வொன்றுக்கும் துணையாக, அதே நிறக் கோடு போட்ட ஒரு வெள்ளைக் கம்பி.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஏன் முறுக்கியிருக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். பலம் சேர்க்க என்பார்கள். காரணம் வேறு. பக்கத்தில் ஓடும் மின்விசிறி, டியூப்லைட், அடுத்த சோடி எல்லாம் கம்பிக்குள் இரைச்சலைத் தூண்டும். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போனால் அந்த இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் இரைச்சல் கழிந்து போய்விடும், அனுப்பிய செய்தி மட்டும் மிஞ்சும். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகம் பெல் 1881 இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். இன்னொன்றையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: நாலு சோடியும் ஒரே இறுக்கத்தில் முறுக்கியிருக்காது. ஒன்று நெருக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கும். ஒரே அளவில் முறுக்கினால் சோடிகள் ஒன்றையொன்று ஒட்டுக்கேட்கும். விரல் நகத்தால் முறுக்கை எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் பண்ண வேண்டி வராது.

அதனால்தான் முறுக்கை அவிழ்க்கும்போது கஞ்சத்தனம் வேண்டும். கொனெக்டருக்குள் போகும் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்ந்து கிடக்கக் கூடாது. ஆனால் நேராக்குவதற்கு முதலில் கொஞ்சம் நீளமாக அவிழ்க்கத்தான் வேண்டும். அவிழ்த்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்து நேராக்கி, வரிசைப்படுத்தி, பிறகு அளவுக்கு வெட்டிவிடுவது.

வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். டி568பி என்றால் இடமிருந்து வலம்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். டி568ஏ என்றால் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் இடம் மாறும், நீலமும் கபிலமும் இருந்த இடத்தில் இருக்கும். பிள்ளைகள் தடுமாறுவது நடுவில்தான். வெள்ளைப் பச்சை மூன்றாவதிலும் பச்சை ஆறாவதிலும் பிரிந்து நிற்க, நீலச் சோடி நடுவில் புகுந்து இருக்கிறதே, இது என்ன கிறுக்கு? தொலைபேசியின் மிச்சம் இது. தொலைபேசிச் செருகியில் முதல் இணைப்பு நட்ட நடுவில்தான் இருந்தது. நடுவில் உள்ள இரண்டும் தொலைபேசிக்கு ஒத்துப்போக வேண்டும் என்று அங்கே நீலத்தை வைத்தார்கள், அடுத்த சோடி அதை இரண்டு பக்கமும் அணைத்தபடி மூன்றிலும் ஆறிலும் நிற்கிறது.

இந்தக் காரணம் தெரியாதவர்கள் செய்யும் ஒரு வேலையால் எனக்குப் பிழைப்பு நடக்கிறது. நிற வரிசை எதற்கு, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் சரிதானே என்று, செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, கபிலம் இரண்டு என்று அடுக்கி அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஏன் எரியாது? கம்பிகள் எல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்கின்றனதானே. ஆனால் கணினி மூன்றையும் ஆறையும் ஒரு சோடியாகப் பாவிக்கிறது. இங்கே மூன்றாவது கம்பி பச்சைச் சோடியிலும் ஆறாவது நீலச் சோடியிலும் கிடக்கிறது. இரைச்சலைக் கழிக்க வேண்டிய முறுக்கு அங்கே இல்லை. அரை மீற்றரில் வேலை செய்யும், முப்பது மீற்றரில் இழுபடும், கொஞ்சம் பாரமான பைல் போனால் அறும். மறுகா என்னைக் கூப்பிடுவார்கள். சுவிட்ச் பழுது, கார்ட் பழுது என்று இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். நான் கொனெக்டரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் பிள்ளைகளும் சொல்லலாம். வேண்டுமென்றே அப்படி ஒரு கேபிளை அடித்து வகுப்பில் வைத்து, ஏன் இழுபடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வினாத்தாள் எனக்குத் தெரியாது.

இனி நேரடி இணைப்பு. 100 மெகாபிட் வரைக்கும் கணினி ஒரு சோடியால் மட்டும் அனுப்பும், இன்னொரு சோடியால் மட்டும் வாங்கும். அனுப்புவது 1, 2 ஆம் கம்பி. வாங்குவது 3, 6 ஆம் கம்பி. சுவிட்ச் இதற்கு எதிர்மாறாகச் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் கணினிக்கும் சுவிட்சுக்கும் நேர்க் கேபிள் போதும். இரண்டு கணினிகளை அதே நேர்க் கேபிளால் தொடுத்தால் வாயும் வாயும் ஒரு குழாயில், காதும் காதும் ஒரு குழாயில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் பேசும், ஒன்றும் கேட்காது. ஒருவரின் வாய் மற்றவரின் காதுக்குப் போகும்படி கம்பியைக் கிறுக்கி விட வேண்டும். ஒரு முனை டி568ஏ, மறுமுனை டி568பி என்று அடித்தால் அதுதான் நடக்கும்: ஒன்று மூன்றுக்குப் போகிறது, இரண்டு ஆறுக்குப் போகிறது. இதைத்தான் குறொஸ் கேபிள் என்கிறோம். பாடத்தில் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகும் விஷயம்.

இப்போது உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள்: இந்தக் காலத்தில் குறொஸ் கேபிள் எதற்கு? நியாயமான கேள்வி. தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். 1999 இல் முறுக்கிய சோடிக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கான தரம் வந்ததோடு, எது வாய் எது காது என்று கார்ட்களே பார்த்து மாற்றிக்கொள்ளும் வசதி பரவியது. கிகாபிட்டில் நாலு சோடியும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவதால் பழைய கணக்கே மாறிவிட்டது. இன்றைக்குக் கடையில் வாங்கும் லப்டொப் இரண்டை நேர்க் கேபிளால் தொடுத்தாலும் வேலை செய்யும், குறொஸ் கேபிளால் தொடுத்தாலும் வேலை செய்யும். ஆகவே பிள்ளைகளிடம் "இரண்டு கணினி என்றால் குறொஸ்தான் வேண்டும்" என்று இன்னும் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வெளியே வந்து ஒரு நேர்க் கேபிளில் அது ஓடுவதைக் கண்டால் உங்கள் மேல்தான் நம்பிக்கை போகும்.

இருந்தாலும் ஒரு தடவை குறொஸ் அடிக்கச் சொல்லுங்கள் என்பேன். உங்கள் கூடத்தின் மூலையில் 100 மெகாபிட் கார்டோடு பழைய கணினிகள் கிடந்தால் அவை அதிர்ஷ்டம், எறிந்துவிடாதீர்கள். அவற்றில் இரண்டை நேர்க் கேபிளால் தொடுத்தால் பெரும்பாலும் கார்டின் விளக்கு எரியாது. குறொஸைப் போட்டால் எரியும். அனுப்புவதும் வாங்குவதும் வேறுவேறு பாதை என்பதை அந்தச் சின்னப் பச்சை விளக்கு ஒரு நொடியில் படிப்பித்துவிடும். புது இயந்திரங்கள் எல்லாவற்றையும் தாங்களே சமாளித்துக்கொள்வதால் படிப்பிப்பதற்கு அவ்வளவு நல்லவை அல்ல. 1973 இல் கலிபோர்னியாவில் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபேட் மெற்காபும் டேவிட் பொக்ஸும் ஈதர்நெட்டைத் தொடங்கியபோது, தடித்த ஒரே கேபிளில் எல்லாக் கணினியும் தொங்கின, வேகம் மூன்று மெகாபிட்டைக்கூடத் தொடவில்லை. முறுக்கிய சோடியில் 10 மெகாபிட் தரம் 1990 இல்தான் வந்தது. இந்த வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டாம். பழைய பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாலே பாதி சொன்ன மாதிரி.

கிறிம்ப் பண்ணும்போது கவனிக்க வேண்டியது மூன்று இடம். வரிசைப்படுத்திய எட்டுக் கம்பியையும் ஒரே மட்டமாக வெட்ட வேண்டும், சரிவாக வெட்டினால் ஓரக் கம்பி முனைக்கு எட்டாது. கொனெக்டரின் கொக்கி கீழே பார்க்க, தங்க நிறப் பற்கள் மேலே பார்க்கப் பிடித்து, கம்பிகளைத் தள்ளிய பிறகு, முன்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளிகள் வரிசையாக மினுங்க வேண்டும். ஏழு மினுங்கி ஒன்று மங்கினால் வெளியே இழுத்து மறுபடி வெட்டுங்கள், அமத்திப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், அமத்திய கொனெக்டர் ஒரு தரத்துக்குத்தான். கடைசியாக, வெளி உறையும் கொனெக்டருக்குள் போய் அந்தப் பிளாஸ்டிக் நாக்கின் கீழ் அகப்பட வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும் பாரம் முழுவதையும் மெல்லிய எட்டுக் கம்பிதான் தாங்கும். பிறகு கிறிம்பரை ஒரே அமத்தில், கடக்கென்று சத்தம் வரும் வரை. சின்னப் பிள்ளைகளுக்குக் கைப்பலம் காணாது, மேசையில் ஒரு கைப்பிடியை ஊன்றி அமத்தச் சொல்லுங்கள்.

இணைத்த உடனே ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் முகம் தொங்கும். இரண்டு கணினிக்கும் முகவரி கொடுக்க வேண்டும்: ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதுக்கு 192.168.10.2, இரண்டுக்கும் முகமூடி 255.255.255.0. கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள், போவதற்கு வெளி வாசலே இல்லை. ஒன்றும் கொடுக்காமல் விட்டாலும் சற்று நேரம் பொறுத்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், அதிலும் பேசலாம். பிங் பண்ணிப் பார்த்துப் பதில் வராவிட்டால் கேபிளைப் பழி சொல்லுமுன் விண்டோஸ் ஃபயர்வோலைப் பாருங்கள். புதிய இணைப்பை விண்டோஸ் பொது இடம் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். தனிப்பட்டது என்று மாற்றி, பைல் பகிர்வைத் திறந்துவிட்டால் போதும். மறந்தும் ஃபயர்வோலை முழுசாக நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாத பகிர்வு அவ்வளவு இலகுவாகச் சரிவராது, ஆகவே முதலிலேயே ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் உண்டாக்கி வையுங்கள். மெல்லிய லப்டொப்களில் கேபிள் துவாரமே இருக்காது, யூஎஸ்பி அடப்டர் ஒன்று தேவைப்படும்.

முதல் பதில் திரையில் வரும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்களே கேளுங்கள்.

இதையெல்லாம் நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, ஒளிப்பானேன். 2011 முதல் பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எங்கள் பிள்ளைகள் அங்கே தோட்டம் கொத்துகிறார்கள், துவாய் மடிக்கிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள். எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் அறைக்கு அறை வைஃபை, நடைபாதைக்கு நடைபாதை கெமரா, வரவேற்பில் கணினி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடும் கேபிளை இழுக்கப் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் ஆட்கள் வந்ததை நான் பார்த்தேன். கேட்டால், இங்கே தெரிந்தவர்கள் இல்லை என்பார்கள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் வைத்திருக்கிற ஊருக்கு இது கேட்கக்கூடிய பதிலா?

அதுவும் கடற்கரையில் கேபிள் வேலை என்பது கொழும்பில் கந்தோருக்குள் செய்யும் வேலை மாதிரி இல்லை. உப்புக் காற்று கொனெக்டரின் பற்களைத் தின்னும். மலிவான கொனெக்டரில் தங்கப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும், நல்லதில் 50 மைக்ரோ அங்குலம் இருக்கும், அந்த வித்தியாசம் இரண்டு மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடும். வீட்டுக்குள் இழுக்கும் சாம்பல் நிறக் கேபிளை வெயிலில் போட்டால் உறை வெடிக்கும், வெளியே போடுவதற்கென்று தடித்த கறுப்பு உறைக் கேபிள் இருக்கிறது. விலை குறைவென்று வாங்கும் பெட்டியில் இருப்பது பலவேளை செம்பு பூசிய அலுமினியம். கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம், இரண்டு தரம் வளைத்தால் முறியும். கேபிள் வழியாகவே கெமராவுக்கு மின்சாரமும் கொடுக்கும் இடத்தில் அதைப் போடுவது சூட்டுக்கு வழி வைப்பது. கரையோரமாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகளுக்கு 100 மீற்றருக்கு மேல் போக வேண்டி வந்தால் இந்தச் செம்புக் கேபிள் சரிவராது, ஃபைபர்தான். தூரம் குறைவென்றாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியால் போவதென்றால் ஃபைபரே நல்லது. ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் செம்பு வழியாக இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் சேர்த்து எரித்துவிடும். ஃபைபரில் அது ஏறாது. இந்தக் கரையில் பிறந்து, இந்தக் காற்றில் சைக்கிள் துருப்பிடித்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்காது.

செலவைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். 305 மீற்றர்ப் பெட்டி வாங்க வேண்டாம். ஒரு வகுப்புக்கு வேண்டியது அரை மீற்றர்த் துண்டுகள், பிள்ளைக்கு இரண்டு கொனெக்டர், பழுதாக்குவதற்கு இன்னும் இரண்டு. பழுதாக்கத்தான் செய்வார்கள், விடுங்கள். நாங்கள் வேலை செய்யும் இடங்களில் ஒவ்வொரு முடிவிலும் ஒரு சாக்கு மிச்சத் துண்டு சேரும். ஒரு முழம், இரண்டு முழம் என்று கிடக்கும் அது யாருக்கும் தேவையில்லை, குப்பைக்குத்தான் போகிறது. என்னைப்போல் வேலை செய்கிறவர்கள் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் செங்கலடியிலும் இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். கிறிம்பரும் டெஸ்டரும் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பள்ளிக்கூடம் சேர்ந்து ஒரு செட் வாங்கி முறைவைத்துச் சுற்ற விடலாம். வாகரைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு முதல் முறை கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சுற்றி வரும் எதுவும் அவர்களிடம் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. ஒரு பாடவேளை போதாது என்பது தெரியும். இரண்டு பாடவேளையைச் சேர்த்துத் தாருங்கள், அல்லது ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். பேத்தாழைப் பொது நூலகம் போன்ற ஓர் இடத்தில் நாலு மேசை கிடைத்தாலும் நடத்தலாம்.

பொம்பிளைப் பிள்ளைகளைப் பின்னுக்கு இருத்தி, பொடியன்மார் அடிப்பதை வேடிக்கை பார்க்க விட்டுவிடாதீர்கள். நேராக்கி வரிசைப்படுத்தும் விரல் வேலையில் அவர்கள் எங்களை வெல்வார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சத் துண்டுகள் ஒரு சாக்கு இப்போதே என் வீட்டில் இருக்கிறது. கிறிம்பர் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்றை உங்களிடம் விட்டுவைக்க எனக்குச் சம்மதம். அடுத்த தவணை தொடங்குமுன் உங்களுக்குள் பேசி ஒரு திகதியை முடிவு செய்யுங்கள். சாக்கையும் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன். கூலி வேண்டாம், தேத்தண்ணி தந்தால் போதும்.

இப்படிக்கு,
பாசிக்குடாவில் கேபிள் இழுக்கும் ஒருவன்